வந்த செடியும் சொந்தக் காடும்

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்" என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடைக்கலம் தேடி வந்தவர் வீட்டுக்காரரையே வெளியேற்றும் கொடுமையைச் சொல்லும் பழமொழி இது. மனிதரிடையே நிகழும் இக்கதை மரஞ்செடிகளிடையேயும் நிகழ்வதுண்டு. ஆனால் பழமொழி ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. ஒண்ட வந்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் யார்? அவர் வந்தபோது வீடு எந்த நிலையில் இருந்தது? இவ்விரு வினாக்களையும் கேட்காமல் காட்டில் நடப்பதை விளங்கிக்கொள்ள இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வந்து குடியேறிய சில செடிகளும், அங்கே தொன்றுதொட்டு வாழும் செடிகளும் எவ்வாறு உறவாடுகின்றன, எவ்வாறு போராடுகின்றன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

அயற்செடி என்பது யாது?

ஒரு செடி தான் தோன்றி வளர்ந்த நிலப்பகுதியை விட்டு, மனிதரின் செயலால் வேறொரு நிலப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டால் அதை அயற்செடி என்கிறோம். மனிதர் அறிந்தே கொண்டுவந்திருக்கலாம். தானிய மூட்டையிலோ கப்பலின் அடித்தட்டு மண்ணிலோ அறியாமலும் கொண்டுவந்திருக்கலாம். இதற்கு மாறாக, மனிதர் துணையின்றி அம்மண்ணிலேயே பன்னெடுங்காலம் வாழ்ந்து, அங்குள்ள மழைக்கும் வெயிலுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பழகிப்போன செடியை நாட்டுச்செடி எனலாம். இங்கே 'நாடு' என்றது அரசியல் எல்லையை அன்று. அச்செடி பிறந்து வளர்ந்த சூழலையே குறிக்கும்.

அயலிலிருந்து வந்தவை எல்லாம் தீயவை என்று எண்ணிவிடக் கூடாது. நம் அடுப்பங்கரையை ஒரு முறை நோட்டம் விடுங்கள். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மரவள்ளிக்கிழங்கு ஆகிய ஐந்தும் அமெரிக்கக் கண்டத்தின் செடிகள். இவை இல்லாமல் இன்று நமக்குச் சமையலே இல்லை. இவை தோட்ட வேலியைத் தாண்டிக் காட்டை வளைத்துக்கொள்ளவும் இல்லை. 2023ஆம் ஆண்டு வெளியான ஒரு பன்னாட்டு அறிஞர் குழுவின் அறிக்கை, மனிதரால் உலகெங்கும் இடம் மாற்றப்பட்ட உயிரினங்கள் 37,000க்கு மேல் என்றும், அவற்றுள் செடிகளைப் பொறுத்தவரை ஏறத்தாழ 6 விழுக்காடே தீங்கு செய்யும் ஆக்கிரமிப்பாளராக மாறியுள்ளன என்றும் கூறுகிறது. நூற்றுக்கு ஆறு என்பது சிறிய எண்தான். ஆனால் அந்த ஆறில் ஒன்று ஒரு காட்டின் தலையெழுத்தையே மாற்றிவிடக் கூடும். அத்தகைய ஒன்றுதான் உண்ணிச்செடி.

உண்ணிச்செடியின் வரவு

உண்ணிச்செடியை அறியாதார் நம்மில் இரார். வேலியோரத்திலும் மலைப்பாதையின் இரு பக்கங்களிலும் புதராக மண்டி நிற்கும். இலை சொரசொரப்பானது, கசக்கினால் ஒரு நெடி வரும். மஞ்சளும் சிவப்பும் கலந்த சிறு பூக்கள் ஒரே கொத்தில் நெருங்கி இருக்கும். தாவரவியலார் இதற்கு இட்ட பெயர் லாண்டானா கமாரா.

இதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குச் சென்று, கண்ணாடி வீடுகளில் அழகுக்காக வளர்க்கப்பட்டது. தோட்டக்காரர்கள் பல வகைகளைக் கலந்து புதுப்புது நிறங்களில் பூக்கச் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து பங்களாத் தோட்டங்களுக்கும், அங்கிருந்து வேலிகளுக்கும், வேலியிலிருந்து காட்டுக்கும் பரவியது.

இருநூறு ஆண்டுகளில் அது எங்கெல்லாம் சென்றுவிட்டது? 2020ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, நம் நாட்டில் புலிகள் வாழும் காட்டுப் பகுதியில் 40 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 1,54,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், உண்ணிச்செடி ஊடுருவியுள்ளது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இவ்வெண்ணின் பெருமை புலப்படும்.

புதிய ஊரில் புதிய நண்பர்கள்

காலூன்ற முடியாத செடியால் பரவவும் முடியாது. செடிக்கு மகரந்தச் சேர்க்கை வேண்டும். விதையைச் சுமந்து செல்ல ஆள் வேண்டும். தாயகத்தில் இவற்றைச் செய்து தந்த உயிர்கள் இங்கே இல்லை. அப்படியானால் உண்ணிச்செடி எப்படி வாழ்ந்தது? இங்குள்ள உயிர்களையே அது வேலைக்கு அமர்த்திக்கொண்டது.

உண்ணிப் பூ மலரும்போது பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும். மகரந்தச் சேர்க்கை நடந்தபின் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் நிறம் மாறும். தேன் உள்ள புதுப்பூ எது, வேலை முடிந்த பழைய பூ எது என்பதை வண்ணத்துப்பூச்சி நிறத்தைக் கொண்டே அறிந்துகொள்கிறது. பழைய பூக்களும் உதிராமல் நிற்பதால் கொத்து முழுவதும் தொலைவிலிருந்தே கண்ணைக் கவர்கிறது. நம் நாட்டு வண்ணத்துப்பூச்சிகள் இந்தப் பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டன.

காய் பச்சையாக இருந்து, கனிந்ததும் கருநீலமாகிறது. கொண்டைக்குருவியும் மைனாவும் அதை விரும்பி உண்ணும். விதை அவற்றின் வயிற்றில் செரிக்காமல் எச்சத்தோடு வேறிடத்தில் விழுந்து முளைக்கும். இப்பறவைகள் நாட்டுச் செடிகளின் பழங்களையும் உண்டு பரப்புகின்றவையே. ஆண்டின் பெரும்பகுதியில் பூத்துக் காய்க்கும் உண்ணிச்செடி, நாட்டுச் செடிகளின் விதை சுமக்கும் தூதுவர்களைத் தனக்கும் தூதுவர்களாக்கிக்கொண்டது.

நண்பர்களைப் பெற்றது ஒரு பக்கம். பகைவரை விட்டு வந்தது மறுபக்கம். எந்தச் செடிக்கும் அதன் தாயகத்தில் இலை தின்னும் புழுவும், தண்டு துளைக்கும் வண்டும், நோய் தரும் பூஞ்சையும் உண்டு. அவை அதை அளவோடு வைத்திருக்கும். கடல் கடந்தபோது செடி மட்டுமே வந்தது. அதன் பகைவர் வரவில்லை. அப்பகைவரைப் பின்னர் தேடிக் கொண்டுவரும் முயற்சி 1902லேயே தொடங்கிற்று. அவ்வாண்டு மெக்சிகோவிலிருந்து பூச்சிகளைப் பிடித்து ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பினார்கள். நம் நாட்டிலும் இவ்வகை முயற்சிகள் நடந்தன. ஆயினும் உண்ணி அடங்கவில்லை. தோட்டக்காரர்கள் பல வகைகளைக் கலந்து உண்டாக்கிய கலப்பினம் அது; ஒரு வகைக்குப் பழகிய பூச்சி மற்றொன்றை முழுமையாக ஏற்பதில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

நாட்டுச் செடிகளுக்கு நேர்வது என்ன?

காட்டில் ஒரு பெரிய மரம் விழுந்தால் அவ்விடத்தில் வெயில் பாய்கிறது. பல ஆண்டுகளாகக் காத்திருந்த நாட்டு மரக்கன்றுகள் அந்த வெயிலைப் பிடித்து எழுகின்றன. காடு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் முறை இது. அந்த இடைவெளியில் உண்ணிச்செடி முந்திக்கொண்டால் கதை மாறிவிடுகிறது.

முதலாவது, அது கொம்பும் கிளையுமாகப் பின்னித் தரையின்மீது ஒரு கூரை வேய்ந்துவிடுகிறது. கன்றுகளுக்கு வெயில் கிட்டுவதில்லை. இரண்டாவது, அதன் இலையிலும் வேரிலும் உள்ள சில வேதிப்பொருள்கள் பக்கத்துச் செடிகளின் விதை முளைப்பதையும் நாற்று வளர்வதையும் தடுக்க வல்லவை என்பதை ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியுள்ளன. மூன்றாவது, அதன் அடியில் புல் குறைந்துவிடுகிறது. புள்ளிமானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் புல் முக்கியமான உணவு. உண்ணி இலையோ நஞ்சுடையது. அதைத் தின்ற ஆடுமாடுகளின் ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெந்துபோகும். அதன் பச்சைக் காயும் நஞ்சே. சிறு பிள்ளைகள் அதைப் பறித்துத் தின்னாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.

இத்தீங்கு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். மாதேசுவரன் மலைக் காட்டில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், உண்ணிப் புதரின் அடர்த்தி ஏற ஏறப் பறவை வகைகள் குறைந்தது தெரியவந்தது. பூச்சி தின்னும் பறவைகளும் மர உச்சியில் வாழும் பறவைகளுமே அதிகம் குறைந்தன. ஆங்காங்கே சில புதர்கள் இருப்பது ஒன்று. காடே புதராவது வேறொன்று. மருந்தும் அளவு மீறினால் நஞ்சாவதைப் போல, இங்கே அளவுதான் பொருளை மாற்றுகிறது.

கதவைத் திறந்தவர் யார்?

இப்போது முதலிற் கேட்ட வினாவுக்கு வருவோம். உண்ணிச்செடி வெயிலை விரும்புவது. மரங்கள் நெருங்கி மேலே குடை பிடித்த காட்டின் உள்ளே அது செழிப்பதில்லை. சாலை வெட்டிய ஓரங்கள், மரம் வெட்டிய வெளிகள், ஆடுமாடு மேய்ந்து வெறுமையான தரைகள் ஆகியவையே அதன் நுழைவாயில்கள். அவற்றைத் திறந்தவர் மனிதர்.

தீயின் கதை இதைவிட நுட்பமானது. கர்நாடகத்தின் சாமராசநகர் மாவட்டத்தில் பிலிகிரி ரங்கசாமி மலை உள்ளது. அங்கே வாழும் பழங்குடியினர் சோளகர். நம் சத்தியமங்கலம் மலைகளிலும் அவர்கள் உண்டு. கோடையின் தொடக்கத்தில், தரையில் பனி ஈரம் இருக்கும்போதே, உதிர்ந்த சருகுக்கு மட்டும் மெல்லிய தீ வைப்பது அவர்கள் வழக்கம். அதற்குத் 'தரகு பெங்கி', அதாவது சருகுத் தீ, என்று பெயர். அத்தீ தரையோடு தவழ்ந்து அணைந்துவிடும். பெரிய மரங்களுக்குக் கேடில்லை. புதிய புல் தழைக்கும். உண்ணியின் நாற்றும் கருகும். 1974இல் அம்மலை வனவிலங்குச் சரணாலயமானது. தீ வைப்பது தடை செய்யப்பட்டது. அதன்பின் உண்ணி கட்டுமீறியது என்பது சோளகப் பெரியோர் கூற்று. ஆய்வாளர் அங்கே நிலத்துண்டுகளை அளந்து பார்த்தபோது, 1997க்கும் 2008க்கும் இடையில் உண்ணி காணப்பட்ட துண்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இருமடங்காகியிருந்தது.

அப்படியானால் இன்று தீ வைத்தால் சரியாகிவிடுமா? ஆகாது. உண்ணிப் புதர் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து, மரங்களில் ஏணிபோல் ஏறி நிற்கிறது. இன்று பற்றும் தீ தரையோடு நில்லாமல் அந்த ஏணிவழியே மேலேறி மரங்களையும் பொசுக்கும். நாட்டுக் கன்றுகள் மடியும். உண்ணியோ எரிந்த அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். முன்னைவிட வெளிச்சமான காட்டில் முன்னைவிட அதிகமாகப் பரவும். ஒரு காலத்தில் மருந்தாக இருந்தது, காலம் தவறியதால் நோயாகிவிட்டது.

இதில் துன்பப்படுவோர் விலங்குகள் மட்டுமல்லர். நெல்லிக்காயும் தேனும் கிழங்கும் தேடிக் காட்டுக்குள் செல்லும் சோளகப் பெண்கள், முன்பு நடந்த தடங்களில் இன்று நடக்க முடியாமல் முள்ளை விலக்கிச் செல்கின்றனர். புதருக்கு அப்பால் யானை நிற்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நிழலுக்கு அஞ்சாத விருந்தாளி

வெயில் விரும்பும் செடிக்கு நிழலே வேலி என்றோம். ஆனால் எல்லா அயற்செடிக்கும் இவ்வேலி பயன்படாது. ஆனைமலையில் வால்பாறைப் பகுதியில் தேயிலை, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மழைக்காட்டின் துண்டுகள் தீவுகள்போல் எஞ்சி நிற்கின்றன. அவற்றின் உள்ளே, நாட்டு மரங்களின் நிழலில், ரொபஸ்டா காப்பி தானே முளைத்துக் கூட்டங்கூட்டமாக வளர்ந்திருப்பதைக் காணலாம். காப்பி ஆப்பிரிக்கக் காட்டு நிழலில் பிறந்த செடி. அதற்கு இருட்டு புதிதன்று. மரநாய் போன்ற விலங்குகள் பழத்தைத் தின்று கொட்டையைக் காட்டுக்குள் விட்டுச் செல்கின்றன. தோட்டத்தில் நமக்குச் சோறு போடும் செடி, வேலிக்கு அப்பால் மழைக்காட்டுக் கன்றுகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே செடி, இடம் வேறு, விளைவு வேறு.

சீகை மரத்தின் இரு முகங்கள்

நீலகிரியிலும் பழனி மலையிலும் உயர்ந்த பகுதிகளில் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும், மேட்டுச் சரிவுகளில் புல்வெளியுமாக நிலம் மாறி மாறி அமைந்திருக்கும். வரையாடு மேய்வதும், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குறிஞ்சி பூப்பதும் அப்புல்வெளிகளில்தான். 'மரமில்லாத வெறுநிலம்' என்று அவற்றைத் தவறாக எண்ணியதன் விளைவாக, ஆஸ்திரேலியாவின் வாட்டில் மரமும் தைல மரமும் அங்கே நடப்பட்டன. வாட்டிலை நீலகிரி மக்கள் சீகை மரம் என்பர். பட்டை தோல் பதனிடவும், கட்டை விறகுக்கும் பயன்பட்டது. அது நட்ட இடத்தோடு நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல்லாண்டுகள் உறங்கி, மரத்தை வெட்டினாலோ தீப்பட்டாலோ திரளாக எழும். செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்து 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டது. மரத்தோட்டங்களும் வேளாண்மையும் அதை விழுங்கின.

இது சீகையின் ஒரு முகம். மற்றொரு முகம் வியப்புக்குரியது. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், அருகே சோலைக்காடு எஞ்சியுள்ள இடங்களில், சோலை மரக் கன்றுகள் தாமே முளைத்து வளர்வதை இயற்கை ஆர்வலர்களும் ஆய்வாளர்களும் கண்டுள்ளனர். பறவைகள் விதையைக் கொண்டுவருகின்றன. சீகையின் நிழல் கன்றுகளை உறைபனியிலிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் காக்கிறது. அங்கே அயல் மரம் நாட்டுக் கன்றுக்குச் செவிலித் தாயாகிறது. அத்தகைய தோப்பை ஒரே நாளில் வெட்டிச் சாய்த்தால் அடியிலுள்ள சோலைக் கன்றுகளும் மடியும்; மண்ணில் உறங்கும் சீகை விதையும் விழித்துக்கொள்ளும். ஆனால் எஞ்சிய புல்வெளிக்குள் நுழையும் சீகை நாற்றை உடனே பிடுங்கத்தான் வேண்டும். புல்லுக்கு எந்த மரமும் செவிலியாக முடியாது.

இரண்டு கொன்றைகள்

நம் சரக்கொன்றையைப் பாருங்கள். சங்கப் புலவர் பாடிய முல்லை நிலத்து மரம். பொன்னிறச் சரங்கள் தொங்கும். இதே குடும்பத்தில் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு மஞ்சள் பூ மரம் உண்டு. சென்னா ஸ்பெக்டாபிலிஸ் என்பது அதன் பெயர். அழகுக்கும் நிழலுக்கும் நடப்பட்ட அம்மரம் இன்று வயநாடு, முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் பரவி நிற்கிறது. விரைந்து வளரும், ஏராளமாக விதைக்கும், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். அடியில் புல் வளர இடமில்லை.

பூத்து நிற்கும்போது இரண்டும் அழகே. வழிப்போக்கர் கண்ணுக்கு இரண்டும் 'கொன்றை'யே. காட்டின் கணக்கில் ஒன்று உறுப்பினர். மற்றொன்று இடத்தை அடைப்பவர். இவ்வேறுபாட்டை அறிவதற்குத்தான் தாவரவியல் கற்கிறோம். தமிழ்நாடு அரசு 2022இல் இத்தகைய அயற்செடிகளை அகற்றிக் காட்டை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. முதுமலையில் இம்மரங்களை வெட்டிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் ஏற்பாடும் நடந்தது.

களையும் கோதுமையும்

மத்தேயு நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் சொன்ன களைகளின் உவமையை நாம் அனைவரும் அறிவோம். நல்ல விதை விதைத்த வயலில் பகைவன் இரவிலே களையை விதைத்தான். பணியாளர் களையைப் பிடுங்கப் புறப்பட்டபோது, கோதுமையும் கூடவே பிடுங்கப்பட்டுவிடும் என்று வீட்டுத் தலைவர் தடுத்தார். அந்த உவமை மனிதரைப் பற்றியும் இறைவனின் பொறுமையைப் பற்றியும் சொல்லப்பட்டது. வனத்துறைக்குச் சொன்ன அறிவுரையாக அதை எடுத்துக்கொள்ளலாகாது. ஆயினும் அந்தத் தலைவரின் கவலை ஒரு நல்ல உழவரின் கவலை. வேரோடு வேர் பின்னிய இடத்தில் கை வைக்குமுன் எண்ணிப் பார்க்கவேண்டும் என்பதை அது நமக்கு உணர்த்தும். வேறுபாடும் ஒன்று உண்டு. நம் காட்டில் களை விதைத்தவர் இரவில் வந்த பகைவர் அல்லர். பட்டப்பகலில், அழகுக்கும் விறகுக்கும் ஆசைப்பட்டு, நல்லெண்ணத்தோடு விதைத்தவர்கள்.

அந்தக் கவலையோடு செயற்பட்டால் எவ்வாறு செயற்படுவது? மூன்று படிகளைச் சொல்லலாம்.

முதற்படி, சரியாகப் பிடுங்குவது. உண்ணியைத் தரைக்கு மேலே வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும். தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி. ஆர். பாபுவும் அவர் குழுவினரும் 2009இல் ஓர் எளிய முறையை வெளியிட்டனர். மண்ணுக்குக் கீழே சில சென்டிமீட்டர் ஆழத்தில், தண்டு முடிந்து வேர் தொடங்கும் இடத்துக்குக் கீழ், ஆணிவேரை வெட்டவேண்டும். பின் புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடவேண்டும். மண்ணைத் தொடாத கொம்பு வேர்விடாது, உலர்ந்துபோகும். இதற்கு நஞ்சு மருந்தும் பெரிய எந்திரமும் தேவையில்லை.

இரண்டாம் படி, திரும்பி வருவது. ஒரு முறை களையெடுத்த வயலில் மறுமுறையும் களை முளைக்கும் என்பதை உழவர் வீட்டுப் பெண்பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. பறவைகள் அமரும் மரங்களின் அடியில் புதிய உண்ணி நாற்றுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். பல ஆண்டுகள் தொடர்ந்து அவற்றைப் பிடுங்கவேண்டும்.

மூன்றாம் படி, வெற்றிடத்தை நிரப்புவது. இதுவே முதன்மையானது, பலர் மறந்துவிடுவதும் இதுவே. களையை எடுத்துவிட்டு நிலத்தை வெறுமையாக விட்டால் அதுவோ அதன் தங்கையோ மீண்டும் வரும். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையினர், தேயிலைத் தோட்ட நிறுவனங்களோடு சேர்ந்து, 2000ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து இப்பணியைச் செய்துவருகின்றனர். உண்ணிப் புதருக்குள் ஒளிந்திருக்கும் நாட்டுக் கன்றுகளை வெட்டாமல் விட்டு, புதரை மட்டும் கையால் அகற்றுகின்றனர். மழைக்காட்டு மரங்களின் விதைகளைச் சேகரித்து நாற்றங்காலில் வளர்த்து நடுகின்றனர். 7 முதல் 15 ஆண்டுகள் சென்றபின் அளந்து பார்த்தபோது, தானே விடப்பட்ட இடங்களைவிட இவ்வாறு பேணப்பட்ட இடங்களில் நாட்டு மரவகைகள் மிகுந்திருந்தன. 2019இல் வெளியான இம்முடிவு நமக்கு நம்பிக்கை தருவது.

பிடுங்கிய உண்ணியை என்ன செய்வது? மாதேசுவரன் மலைச் சோளகர் அதன் கொம்புகளை வேகவைத்துத் தோலுரித்து, பிரம்புக்கு மாற்றாக நாற்காலியும் மேசையும் முடைகின்றனர். கூடலூர்ப் பகுதிப் பழங்குடியினர் அதைக் கொண்டு உண்மை யானையின் அளவிலேயே யானை உருவங்கள் செய்கின்றனர். 2021இல் அத்தகைய யானைக் கூட்டமொன்று இலண்டன் மாநகரின் பூங்காக்களில் நின்றது. யானையின் புல்லைக் குறைத்த செடி யானையாகவே உருமாறிக் கடல் கடந்தது! ஆயினும் ஓர் எச்சரிக்கை: விற்பனைக்காக உண்ணியை வெட்டுவோர் வேரை விட்டுவிட்டால் காட்டுக்குப் பயனில்லை. பிழைப்பும் காடும் சேர்ந்து வாழும்படி அப்பணி அமையவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காடு தொலைவில் இருக்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. கல்கத்தாப் பூங்காவிலிருந்து முதுமலைக்கு உண்ணி சென்ற வழி வீட்டுத் தோட்டங்களின் வழியேதான். ஆகவே ஒரு செடியை வாங்கும்போது, அதன் ஊர் எது, அதன் விதையை யார் சுமந்து செல்வார் என்று இரு கேள்விகள் கேட்டுப் பழகுவோம். மலைச் சுற்றுலாவிலிருந்து அழகான கொடியையோ விதையையோ கொண்டுவந்து நடாதிருப்போம். நம் பள்ளி வளாகத்திலுள்ள மரஞ்செடிகளுக்குப் பட்டியலிட்டு, எது நாட்டுச்செடி, எது அயற்செடி, எது தானே பரவுகிறது என்று குறிப்பது தாவரவியல் மன்றத்துக்கு ஏற்ற ஓராண்டு வேலை. முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தார் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு, தொடர்ந்து அளந்துவருகின்றனர். ஒரு நாள் பார்வையில் தெரியாத உண்மைகள் அத்தகைய நீண்ட பொறுமையில்தான் தெரியவரும். அவ்வழியின் முதல் அடியை ஒரு குறிப்பேடும் பென்சிலும் கொண்டு நாமும் எடுத்து வைக்கலாம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், படைப்பில் உள்ளவை யாவும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதை மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது. உண்ணிச்செடியின் கதை அதற்கு ஒரு சான்று. ஒரு பூவின் அழகு, ஒரு பறவையின் பசி, ஒரு சட்டத்தின் தடை, ஒரு சாலையின் வெளிச்சம் ஆகிய அனைத்தும் சேர்ந்தே ஒரு காட்டை மாற்றிவிட்டன. அதை மீட்கவும் அத்தனை கைகளும் வேண்டும். வந்த செடியை வெறுப்பதால் மட்டும் சொந்தக் காடு திரும்பி வந்துவிடாது. உண்ணியைப் பிடுங்கிய குழியில் ஒரு நாட்டுக் கன்றை நட்டு, அது தழைத்து நிழல் தரும்வரை காத்துநின்றால் காடு திரும்பும்.